கண்ணாடியா, லேசிக்கா? பணம் கட்டும் முன் அளந்து பார்க்கச் சொல்லுங்கள்

கண்ணாடி, லேசிக் (லேசரால் பார்வையைத் திருத்தும் அறுவை) பற்றி வந்த கேள்விகளை இந்த வாரம் ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். முதல் கேள்விக்கு மட்டும் பதில் நீளம். பணமும் அதில்தான் அதிகம், திரும்பிப் போக முடியாத வழியும் அதுதான்.

கேள்வி: எனக்கு வயது 27. இரண்டு கண்ணிலும் 550 டிகிரி (மைனஸ் 5.50). தொடக்கப்பள்ளியில் போட்ட கண்ணாடி இன்னும் இறங்கவில்லை. அடுத்த தை மாதம் திருமணம். மணவறையில் கண்ணாடி இல்லாமல் உட்கார ஆசை. லேசிக் பற்றி ஒரு தனியார் மருந்தகத்தில் விசாரித்தேன். இன்றைக்கே 500 வெள்ளி முன்பணம் கட்டினால் தள்ளுபடி, பரிசோதனை அப்புறம் என்கிறார்கள். கட்டலாமா? மருத்துவச் செலவுக்கான மெடிசேவ் சேமிப்பிலிருந்து பணம் எடுக்க முடியுமா? (உட்லண்ட்ஸ் வாசகி)

பதில்: கட்ட வேண்டாம். அந்தச் சிகிச்சை உங்கள் கண்ணுக்குப் பொருந்துமா என்பது பரிசோதனைக்கு முன் மருத்துவருக்கே தெரியாது. தெரியாத ஒன்றுக்குத் தள்ளுபடி என்ன வேண்டியிருக்கிறது? கடைக்கோ மருந்தகத்துக்கோ நாமே போய் ஒப்புக்கொண்ட பிறகு, மனம் மாறியது என்பதற்காகப் பணத்தைத் திருப்பிக் கேட்கும் உரிமை சிங்கப்பூரில் பொதுவாகக் கிடையாது. ஐந்து வேலைநாள் அவகாசம் என்று சட்டத்தில் இருப்பது, வீட்டுக்கு வந்து விற்பவர்களைப் போன்ற சில வகை விற்பனைகளுக்கு மட்டும்தான். பரிசோதனைக் கட்டணத்தை மட்டும் கொடுங்கள். கண் பொருந்தவில்லை என்று முடிவு வந்தால் நீங்கள் இழப்பது அவ்வளவுதான்.

பரிசோதனையில் என்ன பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு போனால் கேள்வி கேட்கச் சுலபம். முக்கியமானது, கண்ணின் முன்புறத்தில் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும் படலமான கார்னியாவின் தடிமன். பெரும்பாலானோருக்கு அது நடுவில் 540 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரம் மைக்ரான்) அளவில் இருக்கும். லேசிக்கில் மேலே சுமார் 110 மைக்ரான் தடிமனில் ஒரு மெல்லிய மூடியை வெட்டித் திறந்து, அடியில் லேசரால் செதுக்குகிறார்கள். 100 டிகிரிக்கு ஏறத்தாழ 15 மைக்ரான் என்று வைத்தால், உங்கள் 550க்கு 80 மைக்ரானுக்குக் கொஞ்சம் மேல் போகும். 540ல் இரண்டையும் கழித்தால் மிச்சம் 350க்குச் சற்றுக் குறைவு. 250க்குக் கீழே மிச்சம் இருக்கக்கூடாது என்பது பழைய விதி, இப்போது பலரும் 300 வேண்டும் என்கிறார்கள். ஆக, உங்கள் கண் சராசரியானதாக இருந்தால் இடம் இருக்கிறது. உங்களுக்கு 480 மைக்ரான்தான் என்றால் கதையே வேறு. அதனால்தான் அளவுக்கு முன் பணம் வேண்டாம் என்கிறேன்.

தடிமனோடு கார்னியாவின் வடிவத்தையும் வரைபடமாக எடுப்பார்கள். கார்னியா மெலிந்து கூம்பாக முன்தள்ளும் கெரட்டோகோனஸ் நோயின் அறிகுறி இலேசாகத் தென்பட்டாலும் லேசிக் கூடாது. கண் உலர்வு, விழித்திரை, இருட்டில் பாவை விரியும் அளவு எல்லாம் பார்க்க வேண்டும். காண்டாக்ட் லென்ஸ் போடுபவர் என்றால் பரிசோதனைக்கு முன் ஒன்றிரண்டு வாரம் அதைக் கழற்றி வைக்கச் சொல்வார்கள், ஏனென்றால் லென்ஸ் கார்னியாவின் வடிவத்தை மாற்றிவிடும். அதைச் சொல்லாமலே உடனே வாருங்கள் என்று அழைக்கும் இடத்தை நான் நம்பமாட்டேன். உங்கள் பவர் கடந்த ஓராண்டாவது மாறாமல் இருக்கிறதா என்பதற்குப் பழைய கண்ணாடிச் சீட்டுகளைத் தேடி எடுத்துப் போங்கள்.

லேசிக் என்று எல்லோரும் சொன்னாலும் வழிகள் பல. மூடி வெட்டாமல் மேற்தோலை நீக்கிச் செய்யும் பிஆர்கே முறையில் முதல் சில நாள் வலியும் மங்கலும் அதிகம், ஆனால் மெல்லிய கார்னியாவுக்கு ஏற்றது. ஸ்மைல் முறையில் சில மில்லிமீட்டர் கீறல் வழியாக உள்ளிருந்து ஒரு சிறு தகட்டை எடுப்பார்கள். மிக அதிக பவருக்குக் கண்ணுக்குள்ளேயே லென்ஸ் பொருத்தும் ஐசிஎல் உண்டு, விலையும் அதற்கேற்ப ஏறும். லேசிக், ஸ்மைல் வகைகளுக்கு இரு கண்ணுக்கும் சேர்த்து இங்கே பொதுவாக 3,000 முதல் 6,000 வெள்ளிக்குள் சொல்கிறார்கள். அந்தத் தொகையில் என்னென்ன அடக்கம் என்று எழுத்தில் வாங்குங்கள்: சொட்டு மருந்து, எத்தனை மறுபரிசோதனை, பொருள் சேவை வரி, பவர் திரும்பி வந்தால் மறுதிருத்தம் இலவசமா, எத்தனை ஆண்டு வரை. அறுவை செய்யப்போகும் மருத்துவரை முன்னரே நேரில் பார்த்துப் பேச முடியுமா என்றும் கேளுங்கள். விற்பனை ஊழியரிடம் மட்டுமே பேசிவிட்டுப் படுக்கையில் ஏறக்கூடாது.

மெடிசேவ்: கண்ணாடியை விடுவதற்காக மட்டும் செய்வதென்றால் கிடையாது. இரு கண்ணுக்கும் பவர் வித்தியாசம் மிக அதிகமாக இருந்து காண்டாக்ட் லென்ஸும் ஒத்துக்கொள்ளாதது போன்ற மருத்துவக் காரணங்களுக்கே விதிவிலக்கு. உங்கள் அலுவலகத்தின் நெகிழ்வு மருத்துவச் சலுகையில் இடம் இருக்கிறதா என்று மனிதவளப் பிரிவைக் கேளுங்கள், சில நிறுவனங்கள் தருகின்றன.

இனி பணக் கணக்கு. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு கண்ணாடி வாங்குபவருக்கு லேசிக்கால் காசு மிச்சமாகாது. தினம் ஒரு ஜோடி என்று வீசியெறியும் காண்டாக்ட் லென்ஸ் போடுபவருக்கு மாதம் 60 வெள்ளி என்று வைத்தாலும் ஆண்டுக்கு 720 ஆகிறது, ஏழெட்டு ஆண்டில் பெரும்பாலும் கணக்கு நேராகிவிடும். நீங்கள் முதல் வகை என்றால், இது வசதிக்கும் ஆசைக்கும் செய்யும் செலவு. அதில் தவறே இல்லை, தெரிந்து செய்தால் போதும்.

தை மாதம் பற்றி. செய்வதென்றால் இப்போதே பரிசோதனைக்குப் போங்கள். திருமணத்துக்குக் குறைந்தது மூன்று நான்கு மாதம் இடைவெளி இருக்கட்டும். அறுவைக்குப் பின் கண் உலர்வதும் இரவில் விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தெரிவதும் பலருக்கு வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் இருக்கும். உலர்ந்த கண்ணோடு ஓமப் புகை முன்னால் ஒன்றரை மணி நேரம் உட்காருவது கொடுமை. கண் மை போடவும் சில வாரம் தடை. திருமணத்துக்குப் பின் விரைவில் குழந்தை என்ற எண்ணம் இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். கர்ப்ப காலத்திலும் பாலூட்டும் காலத்திலும் பவர் மாறக்கூடும், அப்போது இதைச் செய்யமாட்டார்கள்.

இரண்டு விஷயத்தை விளம்பரங்கள் அடக்கி வாசிக்கின்றன. நாற்பதைத் தாண்டியதும் வரும் வெள்ளெழுத்தை லேசிக் தடுக்காது, அப்போது படிக்கக் கண்ணாடி வேண்டியிருக்கும். அதிக பவர் உள்ள கண்ணில் விழித்திரை விலகும் வாய்ப்பு கூடுதல், லேசிக் செய்த பின்னும் அது அப்படியேதான். கண்ணில் மின்னல் அடித்தாலோ, கரும்புள்ளிகள் திடீரென்று பெருகினாலோ அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். கண்ணாடி போய்விட்டது என்று ஆண்டுப் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள்.

தள்ளுபடி கைவிட்டுப் போகிறதே என்று வருந்தாதீர்கள். நாளை இன்னொன்று வரும்.

கேள்வி: நான் பேருந்து ஓட்டுநர், வயது 51. பக்கத்துப் பேட்டையில் 680 வெள்ளிக்குப் புரோகிரெசிவ் கண்ணாடி வாங்கினேன். இரண்டு வாரத்தில் பழகிவிடும் என்றார்கள். ஐந்து வாரம் ஆகிவிட்டது, பேருந்தின் பக்கக் கண்ணாடியைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. கடைக்காரர் பவர் சரி, பணம் திருப்ப முடியாது என்கிறார். (ஈசூன் வாசகர்)

பதில்: அண்ணே, முதலில் பழைய கண்ணாடியைப் போட்டு வண்டி ஓட்டுங்கள். இதைச் சரிசெய்யும் வரை புதியது வேலைக்கு வேண்டாம்.

பவர் சரி என்பது பாதி பதில்தான். புரோகிரெசிவ் லென்ஸில் தூரம் மேலே, படிப்பது கீழே, நடுவில் ஒடுங்கிய பாதை, இரு ஓரத்திலும் பார்வை நெளியும். அதனால் இரு பாவைகளுக்கு இடையிலான தூரம், ஃபிரேமில் கண் உட்காரும் உயரம் ஆகிய இரண்டும் ஓரிரு மில்லிமீட்டர் பிசகினாலே தலை சுற்றும். அந்த உயரத்தை ஃபிரேமை முகத்தில் மாட்டிய பிறகுதான் அளக்க வேண்டும். அளந்தார்களா, நினைத்துப் பாருங்கள். நம் வெயிலில் வியர்த்து மூக்கில் ஃபிரேம் சறுக்கினாலும் இதே தொல்லை வரும், அதற்கு மூக்குத் தாங்கியை மாற்றினாலே போதும்.

கடைக்குத் திரும்பப் போய், பணத்தைக் கேட்கும் முன் இதைக் கேளுங்கள்: "லென்ஸில் உள்ள குறிகளை மறுபடி வரைந்து, என் கண்ணுக்கு நேராக நிற்கிறதா என்று காட்டுங்கள்." ஒவ்வொரு புரோகிரெசிவ் லென்ஸிலும் கண்ணுக்குச் சட்டென்று தெரியாத நுண்பொறிப்பு உண்டு, அதை வைத்து மறுபடி வரைய முடியும். ஒத்துவராதவர்களுக்கு ஒரு குறிப்பிட்ட காலத்துக்குள் லென்ஸை மாற்றித் தரும் ஏற்பாடு பல லென்ஸ் தயாரிப்பாளர்களிடம் இருக்கிறது. அது இருக்கிறதா, எந்தத் தேதி வரை என்றும் கேளுங்கள். நாள் தள்ளாதீர்கள்.

மறுத்தால், பதிவுபெற்ற வேறொரு ஆப்டமெட்ரிஸ்டிடம் (பார்வைப் பரிசோதகரிடம்) கட்டணம் கொடுத்து லென்ஸை அளந்து எழுதி வாங்குங்கள். சீட்டில் இருப்பது ஒன்று, லென்ஸில் இருப்பது வேறொன்று என்றால் அது குறைபாடுள்ள பொருள். 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த 'லெமன் சட்டம்' உங்கள் பக்கம் நிற்கும். வாங்கிய ஆறு மாதத்துக்குள் தெரியும் குறை, வாங்கியபோதே இருந்ததாகக் கொள்ளப்படும், இல்லை என்று காட்ட வேண்டியது கடைக்காரர். முதலில் பழுதுபார்ப்பு அல்லது மாற்று, அது நடக்காவிட்டால் விலைக் குறைப்பு அல்லது பணம். சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கமான கேஸிடம் புகார் கொடுக்கலாம். அதற்கும் மேல் என்றால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம், 20,000 வெள்ளி வரை, இரண்டு ஆண்டுக்குள். அங்கே வழக்கறிஞர் வைத்துக்கொள்ள முடியாது, அதனால் பயப்பட வேண்டாம்.

லென்ஸும் அளவும் சரியாகவே இருந்து உங்களுக்குத்தான் பழகவில்லை என்றால் சட்டம் அவ்வளவு உதவாது, கடையின் வாக்குறுதிதான். அப்போது ஓட்டுவதற்குத் தூரப் பார்வைக் கண்ணாடி ஒன்று, படிக்கத் தனியாக ஒன்று என்று கேட்டுப் பேசிப் பாருங்கள். உங்கள் தொழிலுக்கு அதுவே மேல் என்பது என் எண்ணம், ஆனால் வண்டியின் மீட்டர்ப் பலகை தெளிவாகத் தெரிகிறதா என்று உட்கார்ந்து சோதித்தபின் முடிவெடுங்கள்.

கேள்வி: மகன் தொடக்கநிலை 3. ஓராண்டில் 150லிருந்து 250 ஆகிவிட்டது. கிட்டப்பார்வையைக் கட்டுப்படுத்தும் லென்ஸ் என்று சாதாரணக் கண்ணாடியைப் போலப் பல மடங்கு விலை சொல்கிறார்கள். வியாபாரமா, உண்மையா? பெரியவனானதும் லேசிக் செய்துவிடலாமே? (ஜூரோங் வெஸ்ட் வாசகி)

பதில்: உண்மைதான். ஓரத்தில் நுண்ணிய வட்டங்கள் பதித்த இந்த லென்ஸ்கள் பவர் ஏறுவதைப் பாதி அளவுக்கு மெதுவாக்கியதாக ஹாங்காங்கில் குழந்தைகளிடம் இரண்டாண்டு நடந்த ஆய்வு காட்டியது. ஆனால் நாள் முழுக்கப் போட்டால்தான் பலன். பள்ளிக்கு மட்டும் போட்டு வீட்டில் கழற்றும் பிள்ளைக்கு அந்தக் காசு வீண்.

வாங்கும் முன் ஒன்று செய்யுங்கள். சொட்டு மருந்து விட்டுக் கண் தசையைத் தளர்த்திய பின் பவரைப் பார்க்கச் சொல்லுங்கள், கண்ணின் நீளத்தையும் அளக்கச் சொல்லுங்கள். கண் நீள்வதால்தான் கிட்டப்பார்வை ஏறுகிறது, அதனால் ஆறு மாதம் கழித்து லென்ஸ் வேலை செய்கிறதா என்பதை அந்த எண்தான் சொல்லும். பலதுறை மருந்தகத்தில் பரிந்துரைக் கடிதம் வாங்கி, சிங்கப்பூர் தேசியக் கண் நிலையத்துக்கோ கேகே மருத்துவமனைக்கோ மானியத்தோடு போகலாம். குறைந்த அளவு அட்ரோபின் சொட்டு மருந்து என்ற வழியும் உண்டு. அதன் முக்கிய ஆய்வுகள் நம் சிங்கப்பூரிலேயே நடந்தவை. தினம் இரவில் ஒரு சொட்டு, மருத்துவர் எழுதிக் கொடுக்க வேண்டும். இவற்றோடு நாளுக்கு இரண்டு மணி நேரம் வெளியில் பகல் வெளிச்சத்தில் விளையாட விடுங்கள். துணைப்பாட வகுப்பில் ஒன்றைக் குறைத்தாவது விடுங்கள் என்று கெஞ்சிக் கேட்பேன்.

பிற்பாடு லேசிக் என்ற கணக்கு வேண்டாம். லேசிக் கார்னியாவைத்தான் செதுக்குகிறது, நீண்டுபோன கண்ணைச் சுருக்காது. 500, 600ஐத் தாண்டினால் விழித்திரை விலகலும் கண் அழுத்த நோயும் வரும் வாய்ப்பு கூடுகிறது. இப்போது தடுத்து நிறுத்தும் ஒவ்வொரு 100 டிகிரிக்கும் மதிப்பு அதிகம்.

கேள்வி: நீல ஒளியைத் தடுக்கும் பூச்சுக்குக் கூடுதலாக 80 வெள்ளி கேட்கிறார்கள். அலுவலகத்தில் நாள் முழுக்கக் கணினி. (செங்காங் வாசகர்)

பதில்: வேண்டாம். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பு 2023ல் வெளியிட்ட மறுஆய்வு, கணினியால் வரும் கண் சோர்வை இந்த லென்ஸ் குறைப்பதாகத் தெரியவில்லை என்றது. சோர்வு வருவது கண் சிமிட்டாமல் திரையையே பார்ப்பதால், அதோடு குளிர்சாதனக் காற்றால். பிரதிபலிப்புத் தடுப்புப் பூச்சு மட்டும் நல்லதாகக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: தீபாவளிக்குச் சென்னை போகிறேன். கண்ணாடி அங்கே மலிவு. வாங்கலாமா? (தெம்பனிஸ் வாசகி)

பதில்: சாதாரண ஒற்றைப் பவர் கண்ணாடி என்றால் தாராளமாக. புரோகிரெசிவ் என்றால் வேண்டாம், மேலே ஈசூன் வாசகர் படும் பாட்டைப் பாருங்கள். திரும்பத் திரும்பக் கடைக்குப் போக முடிந்தால்தான் அது சரிவரும். போகும் முன் இங்கேயே கண்ணைச் சோதித்துச் சீட்டை வாங்குங்கள், பாவைத் தூரத்தையும் அதில் எழுதச் சொல்லுங்கள். இங்கே 350 என்பது அங்கே மைனஸ் 3.50 என்று இருக்கும். அங்கே இறங்கிய முதல் நாளே கொடுத்துவிட்டால், புறப்படும் முன் போட்டுப் பார்த்து மாற்ற நாள் இருக்கும்.