அனீலிங் செய்த உலோகக் கண்ணாடி ரிப்பன் ஏன் முறிகிறது?

கேள்வி: மின்மாற்றி போன்றவற்றின் நடுவே வரும் காந்தக் கோர் சுற்றுவதற்காக இரும்பு-சிலிக்கான்-போரான் உலோகக் கண்ணாடி ரிப்பன் வாங்கினேன். வந்தபோது இரண்டாக மடித்தாலும் உடையவில்லை. 350 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் அனீலிங் செய்தபின் (அதாவது சூட்டில் வைத்துப் பதப்படுத்தியபின்), லேசாக வளைத்தாலே முறிகிறது. எக்ஸ்ரே சோதனையில் படிகம் தெரியவில்லை. விற்றவரோ நான்தான் சூட்டில் கெடுத்துவிட்டேன் என்கிறார். பழைய நிலைக்குக் கொண்டுவர முடியுமா?

பதில்: நீங்கள் எதையும் கெடுக்கவில்லை. இந்த வகைக் கலவை, வழக்கமான வேகத்தில் சூடாக்கினால், 500 டிகிரியை ஒட்டித்தான் படிகமாகத் தொடங்கும். உங்கள் ரிப்பன் இன்னும் கண்ணாடிதான், அதாவது அணுக்கள் படிகம்போல ஒழுங்காக அடுக்கப்படாத உலோகம். ஆனால் அடங்கிப்போன கண்ணாடி.

உருகிய உலோகத்தை நொடிக்குப் பத்து லட்சம் டிகிரி வேகத்தில் குளிர்வித்து எடுத்த ரிப்பன் இது. அந்த அவசரத்தில் அணுக்கள் நெருங்கி உட்கார நேரமில்லாமல், இண்டு இடுக்குகளோடு உறைந்துவிடுகின்றன. இந்த உபரி இடத்தைத்தான் கட்டற்ற கனஅளவு என்கிறோம். ரிப்பனை வளைக்கும்போது சில பத்து அணுக்கள் கூட்டமாக நகர்ந்து கொடுப்பது இந்த இடத்தை நம்பித்தான். சூடாக்கினால், டப்பாவில் கொட்டிய மணலைத் தட்டினால் அடங்குவதுபோல, அணுக்கள் அடங்குகின்றன. அடர்த்தி கூடுவது அரை சதவீதம்கூட இருக்காது. ஆனால் நகர்ந்து கொடுக்க இடமில்லாமல் முறிந்துவிடுகிறது. இதற்குக் கட்டமைப்புத் தளர்வு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தளர்வு என்றதும் இளகிவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நடப்பது நேர் எதிர், இறுகல்.

எக்ஸ்ரே விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அடங்கிய கண்ணாடிக்கும் புதுக் கண்ணாடிக்கும் அதில் ஒரே மாதிரி அகலமான மேடுதான் வரும். அந்தப் படத்தைக் காட்டி ‘நூறு சதவீதம் கண்ணாடி’ என்று சரக்கைத் தள்ளிவிடும் இடைத்தரகரை நம்பாதீர்கள். சில சதவீதப் படிகம் இருந்தாலும் அந்தப் படத்துக்குப் பிடிபடாமல் போகலாம். சான்றிதழில் கலவை இருக்கிறது, தடிமன் இருக்கிறது. எத்தனை டிகிரி சூட்டில் எவ்வளவு நேரம் இருந்தது என்ற ஒரு வரி மட்டும் இல்லை. வளையுமா முறியுமா என்பதை முடிவு செய்வதே அந்த வரிதான். எத்தனை முறை சொன்னாலும் அதற்கு ஒரு கட்டம் போட யாருக்கும் மனமில்லை.

டிஎஸ்சி சோதனை கேளுங்கள்; சூடாக்கும்போது பொருள் வெளிவிடும், உறிஞ்சும் வெப்பத்தை அளக்கும் சோதனை அது. புது ரிப்பனையும் சூடாக்கியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். படிகமாகும்போது வெளிவரும் வெப்பம் இரண்டிலும் சமமாக இருந்து, அதற்கு முன் புது ரிப்பனில் வரும் சிறிய, பரந்த வெப்ப வெளியீடு மட்டும் மற்றதில் காணாமல் போயிருந்தால், அடங்கல்தான் நடந்திருக்கிறது.

பழையபடி ஆகுமா? உங்கள் ரிப்பன் ஆகாது. இதற்கு ஒரு விலக்கு உண்டு. அதைக் காட்டித்தான் பணம் பறிக்கிறார்கள் என்பதால் விரிவாகவே சொல்கிறேன். சிர்க்கோனியம் சார்ந்த சில கண்ணாடிகளில், கண்ணாடி இளகும் வெப்பநிலைக்கும் படிகமாகும் வெப்பநிலைக்கும் நடுவே நல்ல இடைவெளி இருக்கும். அவற்றில் ஒன்றான விட்ரெலாய்-1 சுமார் 350 டிகிரியில் இளகும். படிகமாக இன்னும் 80 டிகிரி வேண்டும். அந்த இடைவெளியில் சற்று நேரம் வைத்து வேகமாகக் குளிர்வித்தால், இழந்த இடத்தில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். இரும்பு ரிப்பனில் அந்த இடைவெளியே கிடையாது; இளகுவதற்குள் படிகமாகிவிடும். திரவ நைட்ரஜனில் முக்கி எடுத்து ‘உயிர்ப்பித்துத் தருகிறோம்’ என்பவர்களும் உண்டு. மைனஸ் 196 டிகிரிக்கும் அறை வெப்பத்துக்கும் மாறி மாறிக் கொண்டுபோனால் சில கண்ணாடிகள் புத்துயிர் பெறும் என்று 2015-இல் வந்த ஆய்வு உண்மைதான். அதைக் காட்டி உங்கள் ரிப்பனுக்குப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

சரி, மிச்ச ரிப்பனை என்ன செய்வது? முதலில் கோராகச் சுற்றுங்கள், அப்புறம் அனீலிங். காந்தக் குணத்துக்கு அந்தச் சூடு தேவை. உள் அழுத்தம் போனால்தான் கோரில் வெப்பமாக வீணாகும் மின்சக்தி இழப்பு குறையும். சுற்றி முடித்தபின் வளைக்கும் வேலையே இருக்கக் கூடாது. அடுத்த சுருள் வந்ததும் ஒரு துண்டை இரண்டு தட்டைப் பலகைகளுக்கு நடுவே வளைத்து மெதுவாக அழுத்திப் பாருங்கள், இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி. பலகைகள் ஒட்டும்வரை உடையாவிட்டால் வாங்கலாம். முன்பே முறிந்தால் திருப்பி அனுப்புங்கள்.