ராத்திரி பதினொரு மணிக்கு மட்டும் ஏன் இனிப்பு கேட்கிறது?

கேள்வி: வயது 41, வங்கியில் வேலை. பகலில் இனிப்பைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஆனால் ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு, பதினொரு மணி வாக்கில், இனிப்பாக எதையாவது வாயில் போட்டால்தான் தூக்கம் வருகிறது. வீட்டில் ஒன்றும் இல்லையென்றால் ஹார்லிக்ஸ் பொடியை ஸ்பூனால் அள்ளித் தின்கிறேன். எடை குறைய வேண்டும் என்று இரவில் ஒரே ஒரு சப்பாத்தியோடு நிறுத்திக்கொள்கிறேன். அப்படியும் 3 கிலோ ஏறிவிட்டது. வெறும் வயிற்றுச் சர்க்கரை 96, எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் சோதனை) 5.5. இது சர்க்கரை நோயின் ஆரம்பமா? கருப்பட்டிக்கு மாறினால் சரியாகுமா?

பதில்: எனக்கு அந்த ஒரு சப்பாத்தி மேல்தான் சந்தேகம்.

பயத்தை முதலில் தள்ளி வையுங்கள். உங்களுடைய இரண்டு எண்களுமே இயல்பான அளவுக்குள் இருக்கின்றன. இனிப்பு கேட்பதை வைத்துச் சர்க்கரை நோய் என்று சொல்ல முடியாது.

நீங்கள் எழுதி அனுப்பிய சாப்பாட்டுக் கணக்கைப் பார்த்தேன். காலை இரண்டு இட்லி, தேங்காய்ச் சட்னி. மதியம் எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு வறுவல். நாலரை மணிக்கு டீ, இரண்டு பிஸ்கட். ஒன்பது மணிக்கு அந்தச் சப்பாத்தி, கொஞ்சம் குருமா. எல்லாவற்றையும் கூட்டினாலும் 25 கிராம் புரதம் தேறுவது கஷ்டம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) சொல்லும் அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம். 60 கிலோ எடை என்றால் நாளுக்குச் சுமார் 50 கிராம் வேண்டும். பாதியில் நிற்கிறீர்கள். பகலெல்லாம் உடம்பிடம் கடன் வாங்கிவிட்டு ராத்திரி அது வட்டியோடு கேட்கும்போது, "எனக்கு மனக்கட்டுப்பாடு இல்லை" என்று உங்களையே திட்டிக்கொள்கிறீர்கள்.

அது ஏன் ராத்திரியில் மட்டும் வர வேண்டும்? உடல் கடிகாரத்துக்கும் இதில் பங்கு உண்டு. 2013இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நேரமே தெரியாதபடி மங்கிய வெளிச்சத்தில் ஆட்களைத் தங்க வைத்துப் பார்த்தார்கள். பசி காலை எட்டு மணி வாக்கில் குறைவாகவும், இரவு எட்டு மணி வாக்கில் மிக அதிகமாகவும் இருந்தது. இனிப்பு, உப்பு, மாவுப் பண்டங்கள் மீதான ஆசையும் அதே போக்கில்தான் ஏறி இறங்கியது. ஆசை உச்சத்தில் நிற்கிற நேரத்தில் நீங்கள் அரை வயிற்றோடு இருக்கிறீர்கள்.

தூக்கக் குறைவு இதை இன்னும் தூண்டும். இரண்டு இரவு நாலு மணி நேரம் மட்டும் தூங்கியவர்களுக்குப் பசியைக் கிளப்பும் கிரெலின் என்ற ஹார்மோன் 28 சதவீதம் கூடி, போதும் என்று சொல்லும் லெப்டின் என்ற ஹார்மோன் 18 சதவீதம் குறைந்ததாக 2004இல் சிகாகோ ஆய்வு ஒன்று காட்டியது. பன்னிரண்டு மணிக்குப் படுத்து ஐந்து மணிக்கு எழுகிற உங்களுக்கு இது பொருந்தாமல் இருக்குமா?

அதனால் மாற்ற வேண்டியதைப் பகலில் மாற்றுங்கள். இட்லியோடு ஒரு முட்டை, அல்லது சட்னிக்குப் பதில் கெட்டிச் சாம்பார். வாரத்தில் இரண்டு நாள் அடை. மதியம் கலந்த சாதமே கட்டினாலும் கூட ஒரு டப்பாவில் பயறு, இன்னொன்றில் தயிர். நான் அதிகம் நம்புவது நாலரை மணியைத்தான். பிஸ்கட்டை விட்டுவிட்டு, ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் சாப்பிடுங்கள். முடியாத நாளில் ஒரு கைப்பிடி வேர்க்கடலை போதும். இரவு எட்டு மணிக்கே இரண்டு சப்பாத்தி, பருப்புக் கூட்டு, காய். கூடுதலாகச் சாப்பிடச் சொல்கிறேனே என்று பயப்பட வேண்டாம். அந்த ஒரு சப்பாத்தி, ஹார்லிக்ஸ் டப்பாவுக்கு முன்னால் என்ன ஆகிறது என்று உங்களுக்கே தெரியும்.

கருப்பட்டி விஷயம். அதில் கொஞ்சம் தாது உப்புகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதுவும், வெல்லமும், நாட்டுச் சர்க்கரையும் பெரும்பாலும் சுக்ரோஸ்தான், அதாவது வெள்ளைச் சர்க்கரையில் இருக்கும் அதே பொருள்தான். பேரீச்சம்பழத்தின் எடையில்கூடப் பாதிக்கு மேல் சர்க்கரை. சேர்க்கும் சர்க்கரை நாளுக்கு 25 கிராமுக்குள், அதாவது சுமார் ஆறு டீஸ்பூனுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இரண்டு ஸ்பூன் போட்டு மூன்று காபி குடித்தாலே அது தீர்ந்துவிடும். இனிப்பு வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மதியச் சாப்பாடு முடிந்ததும், உட்கார்ந்து, ஒரு துண்டு சாப்பிடுங்கள்.

அப்புறம், பதினொரு மணி என்பது உங்கள் நாளில் உங்களுக்கென்று கிடைக்கும் ஒரே நேரம். அதையும் விட்டுவிடச் சொல்ல மாட்டேன். இரவுச் சாப்பாடு முடிந்ததும் பல் துலக்கிவிடுங்கள். தூக்கத்தில் உமிழ்நீர் குறைவதால் ராத்திரி இனிப்பு பல்லையும் அரிக்கும். போனை எடுத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் உட்காராதீர்கள். ஆசை பெரும்பாலும் கால் மணி, அரை மணியில் தணிந்துவிடும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இன்சுலினோ, கிளிமெப்பிரைடு போன்ற சர்க்கரை நோய் மாத்திரையோ எடுப்பவர்களுக்கு ராத்திரியில் திடீர்ப் பசி, வியர்வை, கை நடுக்கம், படபடப்பு வந்தால் அதை ஆசை என்று அடக்கிக்கொண்டு படுத்துவிடக் கூடாது. கையோடு ரத்தச் சர்க்கரையைச் சோதித்துப் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். மருந்தின் அளவு பற்றி மறுநாளே மருத்துவரிடம் பேசுங்கள்.

உங்களுக்கு, ஒரு மாதம் இப்படிச் சாப்பிட்ட பிறகும் நடுராத்திரி விழித்து எழுந்து சாப்பிடாமல் தூங்க முடியவில்லை என்றால், அது இரவு உணவுக் கோளாறாக இருக்கலாம். மனநல மருத்துவரிடமே காட்ட வேண்டியது. ஸ்டீராய்டு, மனநல மாத்திரைகள் ஏதாவது எடுத்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். சில மருந்துகள் பசியைக் கிளப்பும்.