பேத்திக்கு யார் பெயர்?

கேள்வி: மகனுக்குப் பெண் குழந்தை பிறந்து நாற்பது நாள் ஆகிறது. என் மாமியார் பேச்சியம்மாளின் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்று என் கணவர் பிடிவாதம் பிடிக்கிறார். பள்ளிக்கூடத்தில் கேலி செய்வார்கள் என்கிறாள் மருமகள். குழந்தை பூசம் நான்காம் பாதம், 'ட'வில்தான் பெயர் தொடங்க வேண்டும் என்றும் அவள் சொல்கிறாள். எங்கள் மகளுக்குக்கூட நாங்கள் சுகன்யா என்றுதான் வைத்தோம். பழைய பெயர்களுக்கு இனி மதிப்பே இல்லையா?
— ஒரு வாசகி, கோவில்பட்டி

பதில்: முதலில் முறையைப் பார்ப்போம். தாத்தா பெயரைத் தாங்குகிறவன் பெயரன், பாட்டி பெயரைத் தாங்குகிறவள் பெயர்த்தி. அதுதான் பேரன், பேத்தி என்று ஆனது. அந்தக் கணக்கில் பேச்சியம்மாளின் பெயர் வந்திருக்க வேண்டியது உங்கள் மகளுக்கு. அன்றைக்கு நாகரிகம் பார்த்து நீங்கள் சுகன்யா வைத்தீர்கள். உங்கள் முறையில் செய்யாததை இப்போது மருமகள் தலையில் கட்டுவது நியாயமில்லை.

பழசு என்பதற்காக எந்தப் பெயரும் வழக்கொழிவதில்லை. மீனாட்சியும் வள்ளியும் எவ்வளவு பழைய பெயர்கள்! பேச்சி, இசக்கி, சுடலை, முனியாண்டி எல்லாம் காவல் தெய்வங்களின் பெயர்கள். படிப்புக்கும் வேலைக்கும் ஊரைவிட்டுப் போனவர்கள், பெயரைக் கேட்டதுமே ஊரையும் சாதியையும் கண்டுபிடித்துவிடுவார்களே என்று கூசித்தான் அவற்றைக் கைவிட்டார்கள். பிள்ளைப்பேற்றுக்கும் கைக்குழந்தைக்கும் காவல் நிற்பவள் என்று வணங்கப்படுகிறவள் பேச்சி. அந்தப் பெயரில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

குப்பம்மாள், பிச்சை போன்றவற்றின் கதை வேறு. பிறந்த பிள்ளைகள் தக்காத வீட்டில், இதையாவது எமன் கண்டுகொள்ளாமல் போகட்டும் என்று குழந்தையைக் குப்பையில் கிடத்தி எடுத்து வைத்த பெயர்கள் அவை. பிள்ளைச் சாவு குறையக் குறைய அந்தப் பெயர்களும் குறைந்தன. போதும்பொண்ணு, வேண்டாம் என்றெல்லாம் பெண் குழந்தைக்கு வைத்தார்களே, அவை திரும்பி வரவே கூடாது.

1916-இல் தனித்தமிழ் இயக்கம் கண்ட வேதாசலம் மறைமலையடிகள் ஆனார். பின்னாளில் நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், ராமையா அன்பழகன் ஆனார். அந்த அலையில் மலர்விழி, தேன்மொழி, தமிழ்ச்செல்வி என்று வீட்டுக்கு வீடு வைத்தார்கள். அன்று புத்தம் புதிதாக இருந்த பெயர்கள். அந்தத் தேன்மொழிகள் பலர் இன்று பாட்டிகள். இன்றைய யாழினியும் மகிழினியும் அதே சரத்தில் கோத்தவைதான். பொதுவாக அம்மா, அத்தை, சித்தி தலைமுறைப் பெயர்கள்தான் இளம் பெற்றோருக்குச் சலிப்புத் தட்டும். பூட்டி பெயரில் அந்தச் சலிப்பு இருக்காது. காலத்தைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் அம்மாள், ஆயி என்ற வால்தான். வள்ளியம்மாளில் வாலை எடுங்கள், வள்ளி இன்றைக்கும் அழகாக நிற்கும். பொன்னம்மாளைப் பொன்னி ஆக்கலாம். ஆனால் பேச்சியம்மாளைப் பேச்சி என்று சுருக்கினால் வகுப்புப் பிள்ளைகள் 'பேய்' என்று இழுப்பார்கள். மருமகளின் பயம் பொய்யில்லை.

'ட' விஷயத்தில் மருமகளும் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். 27 நட்சத்திரம், நட்சத்திரத்துக்கு 4 பாதம், ஆக 108 எழுத்துகள் கொண்ட அந்த அட்டவணை வடமொழி ஒலிகளை வைத்துப் போட்டது. திருவாதிரை மூன்றாம் பாதத்துக்கு 'ங', அஸ்தம் மூன்றாம் பாதத்துக்கு 'ண' என்று இருக்கிறது. 'ங'வில் தொடங்கி என்ன பெயர் வைப்பது? 'ட'விலும் தமிழ்ச் சொல் தொடங்காது. நட்சத்திரப் பெயர் சாதகத்தில் இருக்கட்டும். கூப்பிடும் பெயர் அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இரண்டு பெயர் வைப்பதும் நமக்குப் புதிதில்லை. மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்றிருந்த காலத்தில், அந்தப் பெயரைத் தாங்கிய பிள்ளையைப் பெற்றவளே 'ஆத்தா' என்றோ 'பெரியவளே' என்றோதான் கூப்பிட்டாள். ஆகவே தொட்டிலில் இடும்போது உங்கள் கணவர் குழந்தையின் காதில் பேச்சியம்மாள் என்று மூன்று முறை சொல்லட்டும். சான்றிதழில் ஏறும் பெயரைப் பெற்றவர்கள் முடிவு செய்யட்டும்.

அதற்கு அவசரமும் இல்லை. பிறப்பை 21 நாளுக்குள் பதிந்தால் போதும், பெயரைப் பிறகு சேர்க்கலாம். 12 மாதம் வரை கட்டணம் கிடையாது. அதன்பின் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். பிரசவம் தாய்வீட்டில் நடந்திருந்தால் அந்த ஊர்ப் பதிவாளரிடம்தான் போக வேண்டும். பெயர் ஒருமுறை ஏறிவிட்டால், மனம் மாறியது என்று மாற்றித் தரமாட்டார்கள். ஆங்கில எழுத்துக்கூட்டலையும் அன்றே முடிவு செய்து, ஆதாரிலும் அதையே எழுதுங்கள். எண் கணிதத்துக்காக நடுவில் ஓர் எழுத்தைக் கூட்டினால் பின்னால் பாஸ்போர்ட்டுக்கு அலைய வேண்டிவரும்.

இன்னொன்று. கடிதத்தில் மாமியார் பெயர் இருக்கிறது, மகள் பெயர் இருக்கிறது, உங்கள் பெயர் இல்லை. முறைப்படி இந்தப் பேத்திக்கு வர வேண்டியது அதுதான். மருமகளிடம் அதைச் சொல்லிப் பார்த்தீர்களா?