பல் நலம்: வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

கேள்வி: என் வயது 56. கீழ்த் தாடையின் இடப்பக்கக் கடைவாய்ப் பல் ஒன்றை இரண்டு ஆண்டுகளுக்கு முன் எடுத்துவிட்டார்கள். அன்று முதல் வலப்பக்கமாகவே மென்று சாப்பிடுகிறேன். ஒரு மருத்துவர் பிரிட்ஜ் போடலாம் என்கிறார். இன்னொருவர் இம்ப்ளான்ட் வைத்து மூன்றே நாளில் பல் கட்டித் தருவதாகச் சொல்கிறார். எனக்குச் சர்க்கரை நோய் உண்டு. எலும்பு பலத்துக்காக வாரம் ஒரு மாத்திரையும் சாப்பிடுகிறேன். எதைத் தேர்ந்தெடுப்பது?
வாசகி, திண்டுக்கல்

பதில்: பிரிட்ஜ் என்றால், பல் இல்லாத இடத்துக்கு இருபுறமும் உள்ள பற்களைச் சுற்றிலும் ராவி, அவற்றின் மேல் மூன்று பற்களை ஒரே தொடராகக் கட்டுவது. அந்த இரண்டு பற்களுக்கும் ஏற்கெனவே வேர் சிகிச்சை செய்து உறை போடவேண்டிய நிலை இருந்தால், நான் தயங்காமல் பிரிட்ஜையே சொல்வேன். அவை சொத்தையில்லாத, முழுமையான பற்களாக இருந்தால், இல்லாத ஒரு பல்லுக்காக இருக்கிற இரண்டு பற்களை ராவுவதற்கு எனக்கு மனம் வருவதில்லை. அத்தகைய நிலையில் இம்ப்ளான்ட்தான் நல்லது.

ஆனால் மூன்றே நாள் என்பதை யோசித்து ஏற்கவேண்டும். இம்ப்ளான்ட் என்பது தாடை எலும்பில் துளையிட்டுத் திருகப்படும் டைட்டானியத் திருகு. அன்றைக்கு அதைப் பிடித்து நிறுத்துவது மரையின் இறுக்கம் மட்டுமே. அடுத்த சில வாரங்களில் அந்த இறுக்கம் சற்றுத் தளர, புதிய எலும்பு வளர்ந்து டைட்டானியத்தின் மேல் நேரடியாக ஒட்டிக்கொள்ளும்போதுதான் அது உண்மையில் வேர் பிடிக்கிறது. சுவீடனைச் சேர்ந்த பிரோனமார்க் என்ற ஆய்வாளர், 1950களில் முயலின் கால் எலும்புக்குள் பொருத்திய டைட்டானியக் கருவியைத் திரும்ப எடுக்க முயன்றபோது, அது எலும்போடு ஒன்றிப்போய் வர மறுத்ததிலிருந்து தொடங்கிய வைத்தியம் இது. 1965இல் அவரிடம் முதன்முதலாக இம்ப்ளான்ட் வைத்துக்கொண்டவர், 2006இல் இறக்கும் வரை அவற்றைக் கொண்டே சாப்பிட்டார்.

கீழ்த் தாடையில் இந்தப் பிணைப்புக்கு ஏறத்தாழ மூன்று மாதம் விடுவது வழக்கம். எலும்பு மென்மையாக உள்ள மேல் தாடையில் இன்னும் கூடுதலாகக் காத்திருப்போம். உடனே பல் கட்டும் முறையும் மருத்துவத்தில் இருக்கிறது என்றாலும், எலும்பும் கடியும் சாதகமாக அமைந்தவர்களுக்கே அது பொருந்தும். சர்க்கரை உள்ள ஒருவருக்கு, மெல்லும் பாரம் முழுவதையும் தாங்கும் கடைவாயில் அந்த அவசரம் வேண்டாம் என்பதே என் கருத்து.

முதலில் உங்கள் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவைப் பாருங்கள். அது (HbA1c) 7 சதவீதத்தை ஒட்டி இருந்தால் தைரியமாக மேலே செல்லலாம். 9, 10 என்று இருந்தால் அதைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகு வாருங்கள், பல் காத்திருக்கும். எலும்பு மாத்திரையைப் பற்றிப் பல் மருத்துவரிடம் அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லவேண்டும். அந்த வகை மருந்துகள் சிலருக்குத் தாடைப் புண் ஆறுவதைக் கெடுக்கக்கூடும். மாத்திரையில் அந்த ஆபத்து குறைவு, புற்றுநோய்க்காகப் போடப்படும் ஊசிகளில் அதிகம். ஆனாலும் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்; அதை எழுதிக் கொடுத்தவரிடம் கேட்டே முடிவெடுங்கள்.

அடுத்தது முப்பரிமாண ஸ்கேன். பல் எடுத்த முதல் ஓராண்டிலேயே அந்த இடத்து எலும்பு அகலத்தில் வெகுவாகச் சுருங்கிவிடும். கீழே உதட்டுக்கு உணர்ச்சி தரும் நரம்பும் ஓடுகிறது. எலும்பின் அகலம் எவ்வளவு, நரம்புக்கு மேல் எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் என்பதைத் திரையில் காட்டச் சொல்லிக் கேளுங்கள். எதிரே உள்ள மேல் பல் இந்த இடைவெளிக்குள் இறங்கியிருக்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள்; இரண்டு ஆண்டுகளில் அது நடந்திருக்கலாம்.

கேள்வி: இம்ப்ளான்ட் சொத்தையாகாது என்கிறார்கள். பிறகு ஏன் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்கிறார்கள்?
வாசகர், கோயம்புத்தூர்

பதில்: திருகு சொத்தையாகாது, அதைச் சுற்றியுள்ள ஈறும் எலும்பும் கெடும். இயற்கைப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்த்திசு இருக்கிறது. சோற்றில் ஒரு சிறு கல் கடிபட்டவுடன் வாயை நிறுத்துவது அந்த நார்களின் உணர்வுதான். இம்ப்ளான்ட்டுக்கு அது இல்லை. வலியும் பெரும்பாலும் தாமதமாகவே தெரியும் என்பதால், எலும்பு பாதி கரைந்த பிறகு, “லேசாக ஆடுகிறது, டாக்டர்” என்று வருபவர்களைப் பார்க்கும்போது மனம் கனத்துப்போகிறது. துலக்கும்போது அந்த இடத்தில் ரத்தம் கசிந்தால் அன்றைக்கே காட்டுங்கள். பல்லிடுக்குக்கான சிறிய பிரஷ்ஷைத் தினமும் இரவில் பயன்படுத்துங்கள். புகைபிடிப்பவரும் புகையிலை போடுபவரும் அதை விட்டுவிட்டு வந்தால், போட்ட திருகு நிலைக்கும் வாய்ப்பு கூடும்.

கேள்வி: இம்ப்ளான்ட் இருந்தால் எம்ஆர்ஐ ஸ்கேன் எடுக்கக் கூடாதா?
வாசகி, தஞ்சாவூர்

பதில்: எடுக்கலாம். டைட்டானியத்தைக் காந்தம் இழுக்காது. வாயை ஒட்டிய பகுதியில் படம் சற்று மங்கலாகலாம், அவ்வளவுதான். காந்தத்தின் பிடிப்பில் நிற்கும் செட் பல் இருந்தால் மட்டும் அதைக் கழற்றிவிட்டு, ஸ்கேன் எடுப்பவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். திருகின் நிறுவனம், அளவு, வரிசை எண் அச்சிட்ட ஒட்டுச்சீட்டு, திருகை அடைத்து வரும் பொட்டலத்தில் இருக்கும். அதைக் கேட்டு வாங்கி உங்கள் மருத்துவக் கோப்பில் ஒட்டி வையுங்கள். பத்து ஆண்டுகள் கழித்து வேறொரு ஊரில் பல் தளர்ந்தால், பொருத்தமான கருவியைத் தேட அந்த மருத்துவருக்கு அது உதவும்.