டிராம் பாதை முடியும் இடம் – கடிதம்

வணக்கம்.

நான் ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை. வயது 66. ஸ்வீடனில் லுண்ட் நகரில் இருக்கும் மகள் வீட்டுக்கு மூன்று மாதம் தங்க வந்திருக்கிறேன். மகளுக்கும் மருமகனுக்கும் ஜூலையில்தான் விடுமுறை. அப்போது காரில் எல்லா ஊருக்கும் அழைத்துப்போவதாகச் சொல்கிறார்கள். இப்போது மே மாதம். எனக்குக் காத்திருக்க மனமில்லை. ரயிலிலும் பஸ்ஸிலும் எட்டு நாள் தனியாகச் சுற்றிவர ஆசை. மொழி தெரியாத நாட்டில் இந்த வயதில் தனியாகவா என்று மகள் பயப்படுகிறாள். உங்கள் ஸ்வீடன் பயணம் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தவள் என்பதால் கேட்கிறேன். பார்க்கவேண்டிய இடங்கள் என்று கிடைக்கும் பட்டியல்களில் அரண்மனையும் அருங்காட்சியகமும்தான் இருக்கின்றன. படிக்கும்போதே கால் வலிக்கிறது. கார் இல்லாமல் அங்கே என்ன பார்க்க முடியும்? இன்னொன்று, இங்கே பஸ்ஸில் யாரும் யாரோடும் பேசுவதில்லை. எட்டு நாள் அந்த மௌனத்தை எப்படித் தாங்குவது?

– ஓர் ஆசிரியை, லுண்ட்

அன்புள்ள டீச்சர் அவர்களுக்கு,

போய்வாருங்கள். ஜூலை வரை காத்திருக்க வேண்டாம். இந்தப் பதிலை மகளிடம் காட்டுங்கள், மருமகனிடமும்.

கார் இல்லாமல் என்ன பார்க்க முடியும் என்று கேட்கிறீர்கள். ஸ்வீடனில் நான் பார்த்தவற்றில் இன்றும் மனத்தில் நிற்பவை பெரும்பாலும் ரயில் நிலையத்திலும் டிராமிலும் படகிலும் பார்த்தவை. அந்நாட்டு மக்கள் தங்களுக்கென்று பொதுவில் செய்துகொண்டவற்றுள் மிக நல்லவை அங்கேதான் இருக்கின்றன. காரில் போகிறவர் அவற்றுக்கு மேலேயும் பக்கத்திலேயும் கடந்துபோய்விடுவார்.

ஸ்டாக்ஹோமின் நிலத்தடி ரயிலை எடுத்துக்கொள்ளுங்கள். 1950இல் தொடங்கியது, இன்று 100 நிலையங்கள். அவற்றில் 90க்கும் மேற்பட்டவற்றில் ஓவியமோ சிற்பமோ இருக்கிறது. நிலையங்களுக்குள் கலை வேண்டும் என்று 1950களில் முன்நின்று வாதாடியவர்களில் சிரி டெர்கெர்ட், வேரா நில்சன் என்ற இரண்டு பெண் ஓவியர்கள் முக்கியமானவர்கள். ஏஸ்டர்மால்ம்ஸ்டோரி நிலையத்தில் இறங்குங்கள். 1965இல் திறக்கப்பட்ட அந்த நிலையத்தின் கான்கிரீட் சுவர்களில் மணலைப் பீய்ச்சிச் செதுக்கிய கோட்டோவியங்கள் டெர்கெர்ட் செய்தவை. பெண்ணுரிமையும் உலக அமைதியும்தான் அவற்றின் பொருள். அணுகுண்டு விழுந்தால் மக்கள் ஒதுங்குவதற்கான இடமாகவும் கட்டப்பட்ட நிலையம் அது. அந்தச் சுவரில் போய் அமைதியைச் செதுக்கிவைத்திருக்கிறார். அவர் பிறந்தது 1888இல். அந்த வேலையை முடித்தபோது இப்போது உங்களுக்கு இருப்பதைவிடப் பத்து வயது அதிகம். மகளிடம் இதைத் தனியாகச் சொல்லுங்கள்.

அடுத்து, நகரின் மைய நிலையமான டி-சென்ட்ராலனில் நீலத் தடம் என்ற ரயில் வழியின் நடைமேடை. பாறையைக் குடைந்த மேடுபள்ளத்தைச் சமப்படுத்தாமல், மேலே கான்கிரீட்டைப் பூசிவிட்டு, வெள்ளையில் நீல இலைக்கொடிகள் வரைந்திருக்கிறார்கள். எல்லோரும் அந்தக் கொடிகளைப் படம் எடுக்கிறார்கள். நான் நெடுநேரம் நின்றது வேறோர் இடத்தில். வெல்டர், தச்சர் என்று அந்த நிலையத்தைக் கட்டிய தொழிலாளர்களின் நிழலுருவங்களை அதே நீலத்தில் குகைச் சுவரில் தீட்டியிருக்கிறார் ஓவியர் பெர் ஊலோஃப் உல்ட்வெட். 1975இலிருந்து அவர்கள் அங்கே வேலை செய்துகொண்டே இருக்கிறார்கள். காலை நேரக் கூட்டம் அவர்களைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதே தடத்தில் சோல்னா சென்ட்ரும் வரை போனால் சிவப்பு வானமும் அதன் கீழே ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு ஊசியிலைக் காடும் வரும். காடு அழிவதையும் கிராமங்கள் காலியாவதையும் பற்றி அந்தக் காலத்தில் எழுந்த கவலையைச் சுவரில் ஏற்றியிருக்கிறார்கள். உங்கள் பாடம்தான்.

இதற்கெல்லாம் நுழைவுக் கட்டணம் ரயில் டிக்கெட் மட்டுமே. ஒரு டிக்கெட் 75 நிமிடம் செல்லும், விருப்பம்போல் இறங்கி ஏறலாம். 65 வயதைக் கடந்தவர்களுக்குச் சலுகைக் கட்டணமும் உண்டு. அதே டிக்கெட்டில் ஸ்லுசென் துறையிலிருந்து யூர்கோர்டன் தீவுக்குப் படகில் போகலாம். ஸ்லுசென் என்றால் மதகு. ஒரு பக்கம் மேலாரன் ஏரியின் நன்னீர், மறுபக்கம் பால்டிக் கடல். பனியுகத்துப் பனிப்பாளத்தின் சுமை நீங்கிய நிலம் இன்னும் உயர்ந்துகொண்டே இருப்பதால் ஒரு காலத்தில் கடலின் கையாக இருந்த நீர்ப்பரப்பு ஏரியாகிவிட்டது. படகின் மேல்தளத்தில் நின்று அதைப் பாருங்கள். அருங்காட்சியகம் ஒன்றாவது பார்த்தே ஆகவேண்டும் என்றால், அந்தத் தீவில் இருக்கும் வாசா. 1628இல் முதல் பயணத்திலேயே துறைமுகத்தைத் தாண்டாமல் மூழ்கி, 1961இல் மேலே எடுக்கப்பட்ட போர்க்கப்பல். மற்றவற்றை விட்டுவிடுங்கள், குறையொன்றும் வராது.

வழியை இப்படி வைத்துக்கொள்ளலாம். லுண்டிலிருந்து மேற்குக் கரையோரமாகக் கோத்தன்பர்க், அங்கிருந்து காத்ரினெஹோல்ம் சந்திப்பில் வண்டி மாறி நார்ஷோப்பிங், பிறகு ஸ்டாக்ஹோம், ஒரு பகல் உப்சாலா, திரும்பி நேராக லுண்ட்.

நார்ஷோப்பிங்கை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆற்றின் நடுவே பழைய நெசவாலைகள், ஊருக்குள் மஞ்சள் டிராம்கள். ஸ்வீடன் 1967 செப்டம்பர் 3 வரை நம்மைப் போல இடப்பக்கம் வண்டி ஓட்டிய நாடு. அன்று விடியற்காலை நாடு முழுவதும் வலப்பக்கத்துக்கு மாறியது. அந்த மாற்றத்தோடு ஸ்டாக்ஹோம் தன் நகருக்குள் ஓடிய டிராம்களைக் கைவிட்டது. கோத்தன்பர்க்கும் நார்ஷோப்பிங்கும் கைவிடவில்லை. 1904இல் தொடங்கிய டிராம் நார்ஷோப்பிங்கில் இன்றும் ஓடுகிறது. அந்த இரண்டு ஊர்கள் மேல் எனக்குத் தனி மரியாதை. ரயில்கள் மட்டும் பெரும்பாலும் இன்னும் இடப்பக்கமே ஓடுகின்றன. நடைமேடையில் நிற்கும்போது கவனியுங்கள்.

மௌனத்துக்கு வருகிறேன். ஓர் அக்டோபர் மாதம் நான் போன ரயில் ஒரு சிறிய நிலையத்தில் நின்றுவிட்டது. ஸ்வீடிஷ் மொழியில் ஓர் அறிவிப்பு. எல்லோரும் எழுந்து பையை எடுத்தார்கள், எனக்கு ஒன்றும் புரியவில்லை. எதிரில் இரண்டு மணி நேரமாக என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் இருந்த இளம்பெண் காதிலிருந்து இயர்போனைக் கழற்றிவிட்டு, ரயில் இனிப் போகாது, மாற்றுப் பஸ் வெளியே நிற்கிறது என்று ஆங்கிலத்தில் சொன்னாள். கூடவே நடந்துவந்து, நான் இறங்கவேண்டிய இடத்தை ஓட்டுநரிடம் சொன்னாள். பிறகு நாலு வரிசை தள்ளிப் போய் அமர்ந்துகொண்டாள். அதற்குப் பிறகு என் பக்கம் திரும்பவில்லை. அன்றிலிருந்து அந்த மௌனம் எனக்கு அந்நியமாகத் தோன்றவில்லை. இன்னொருவரின் தனிமைக்கு அவர்கள் தரும் இடம் அது. கேட்டால் சொல்வார்கள், கேளுங்கள்.

பஸ்ஸில் ரொக்கம் வாங்கமாட்டார்கள், அட்டை வேண்டும். லுண்டில் செல்லும் பஸ் டிக்கெட் கோத்தன்பர்க்கில் செல்லாது. ஒவ்வொரு பகுதிக்கும் தனி டிக்கெட். தொலைதூர ரயிலுக்கு முன்கூட்டியே வாங்கினால் விலை குறைவு. காத்ரினெஹோல்மில் வண்டி மாறக் கொஞ்சம் தாராளமாக நேரம் விடுங்கள். தங்குமிட முகவரிகளைக் காகிதத்திலும் எழுதிவையுங்கள். மகளுக்கு அது பாதிப் பயத்தைத் தீர்க்கும்.

கோத்தன்பர்க்கைக் கடைசியாகச் சொல்லக் காரணம், எனக்கு அதுவே மிகப் பிடித்த நாள். 11ஆம் எண் டிராமில் ஏறிக் கடைசி நிறுத்தமான சால்ட்ஹோல்மென் வரை போங்கள். கடைகள் போய், வீடுகள் போய், கடைசியில் கடல் வரும். டிராம் நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே படகுத்துறை, அதே டிக்கெட் செல்லும். நான் போன சனிக்கிழமை படகில் இருந்தவர்கள் ஊர்க்காரர்கள்: உருளைக்கிழங்குப் பையோடு ஒரு பெரியவர், வயலின் பெட்டியோடு ஒரு சிறுமி. தெற்குக் கோடியில் இருக்கும் வ்ரோங்யோ தீவில் இறங்கினேன். அங்கே கார் கிடையாது. முன்னால் சாமான் பெட்டி வைத்த மூன்று சக்கர மொபெட்டுகள் துறையில் வரிசையாக நிற்கும். பத்து நிமிடம் நடந்தால் வெறும் பாறை. பனியாறு தேய்த்து வழவழப்பாக்கிய பாறை என்று எத்தனை ஆண்டு கரும்பலகையில் வரைந்து காட்டியிருப்பீர்கள்! அதன் மேல் உட்காரலாம், கையால் தடவிப் பார்க்கலாம். மே மாதத்தில் இரவு ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும், பொழுது போவதே தெரியாது. அதனால் படகிலிருந்து இறங்கியதும் துறையில் திரும்பும் படகின் நேரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டு நடக்கத் தொடங்குங்கள்.