மேடு பள்ளத்தில் ஸ்டியரிங் ஏன் வெட்டுகிறது?

கேள்வி: 1932 ஃபோர்டு சேஸியில் கட்டிய ஹாட் ராட் (மாற்றிக் கட்டிய பழைய கார்). முன்னால் டிராப் செய்த ஐ-பீம் ஆக்சில், குறுக்கு லீஃப் ஸ்பிரிங், செவர்லே வேகா ஸ்டியரிங் பாக்ஸ். பள்ளத்தில் இறங்கி ஏறினாலே ஸ்டியரிங் கையில் வெட்டுகிறது. அலைன்மென்ட் பார்த்ததில் டோ-இன், காஸ்டர் (முன்சக்கரக் கோணங்கள்) சரியாம். கோளாறு எங்கே?

பதில்: அலைன்மென்ட் பார்க்கும்போது வண்டி அசையாமல் நிற்கிறது. இந்தக் கோளாறு ஆக்சில் ஏறி இறங்கும்போதுதான் தலைகாட்டும். முதலில் பான்ஹார்ட் ராடைப் பாருங்கள்; ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் சேஸியோடு பிடித்து வைக்கும் குறுக்குத் தண்டு அது.

அமெரிக்க வண்டி என்பதால் பாக்ஸ் இடப்பக்கம். ஸ்டியரிங் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டான டிராக் லிங்க், பாக்ஸிலிருந்து நீளும் பிட்மேன் ஆர்மில் தொடங்கி, குறுக்கே ஓடி, வலச் சக்கரத்தின் ஸ்டியரிங் ஆர்மில் முடிகிறது. 38 அங்குல லிங்க் மட்டமாக இருக்கும் நிலையில் ஆக்சில் 2 அங்குலம் எழும்பினால், வலமுனை சுமார் 0.05 அங்குலம் இடப்பக்கம் இழுபடும். பான்ஹார்ட் ராடும் அதே நீளத்தில், லிங்குக்கு இணையாக, இடப்பக்கம் சேஸியிலும் வலப்பக்கம் ஆக்சிலிலும் பூட்டியிருந்தால் ஆக்சிலும் கூடவே அவ்வளவு நகரும், சக்கரம் திரும்பாது. ராடைப் பக்கம் மாற்றிப் பூட்டியிருந்தால் ஆக்சில் வலப்பக்கம் போகும். லிங்க் முனைக்கும் ஆக்சிலுக்கும் இடையே வித்தியாசம் 0.1 அங்குலத்தைத் தொடும். 6 அங்குல ஸ்டியரிங் ஆர்மில் அது சக்கரத்தை 1 டிகிரி திருப்பும். ராடே இல்லையென்றால் கேட்கவே வேண்டாம். ஸ்பிரிங் முனையைத் தாங்கும் ஷேக்கிளில் ஆக்சில் பக்கவாட்டில் ஆடும், ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கரத்துக்கு முன் ஆக்சில்தான் நகரும்.

லிங்க் சாய்ந்திருந்தால் இன்னும் மோசம். பிட்மேன் முனை 4 அங்குலம் உயரத்தில் இருந்து, ஆக்சில் 2 அங்குலம் இறங்கினால், லிங்க் முனை கால் அங்குலத்துக்கும் மேலே நகர்ந்துவிடும். ராடும் அதே சாய்வில் இருந்தால்தான் ஈடாகும்.

எஞ்சின் உட்பட முழு எடையும் ஏறிய நிலையில் வண்டியின் உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சேஸியை அந்த உயரத்தில் ஸ்டாண்டில் நிறுத்தி, ஸ்பிரிங்கைக் கழற்றி, ஸ்டியரிங்கை நேராக வைத்துக் கட்டுங்கள். ஜாக்கால் ஆக்சிலை 2 அங்குலம் ஏற்றி இறக்கும்போது, பிரேக் டிரம்மில் வைத்த நேர்கோல் திசை மாறக்கூடாது. அதுவரை ராடின் பிராக்கெட்டுக்குத் தற்காலிகப் புள்ளி வெல்டிங் போதும்.

சக்கரம் நேராக நிற்கும்போது பாக்ஸும் அதன் நடுவில் இருக்கட்டும். அங்கேதான் பல்சக்கரம் இறுக்கமாகப் பிடிக்கும். நடு தவறினால் டிராக் லிங்க் நீளத்தில் சரிசெய்யுங்கள். ஸ்டியரிங் வீலைக் கழற்றித் திருப்பி மாட்டுவது கண்ணுக்கு மட்டும்தான் தீர்வு, நேர்ச்சாலையில் ஆட்டம் அப்படியே இருக்கும். லிங்க் முனையில் மாட்டும் 11/16 அங்குல டை ராட் எண்டில் (பந்து மூட்டு) குறைந்தது 1 அங்குல மரை உள்ளே போயிருக்க வேண்டும்.

கேள்வி: அழகுக்காக டை ராடை (இரு முன்சக்கரங்களின் ஆர்ம்களையும் இணைக்கும் தண்டு) ஆக்சிலுக்கு முன்னால் கொண்டுவரலாமா?

பதில்: ஆர்ம்களை இடவலம் மாற்றி மாட்டி மட்டும் கொண்டுவராதீர்கள். டை ராட் பின்னால் இருக்கும்போது அதன் முனைகள் கிங் பின்னுக்கு (சக்கரம் இடவலம் திரும்பும் அச்சு) உட்புறம், கிங் பின்னிலிருந்து பின் ஆக்சில் நடுவுக்கு இழுத்த கோட்டில் நிற்க வேண்டும். 106 அங்குல வீல்பேஸ், 48 அங்குல கிங் பின் இடைவெளி, 6 அங்குல ஆர்ம் என்றால் பக்கத்துக்கு சுமார் 1.4 அங்குலம். முன்னால் வந்தால் அதே 1.4 அங்குலம் கிங் பின்னுக்கு வெளிப்புறம் போக வேண்டும். மாற்றி மாட்டினால் முனைகள் உட்புறமே நிற்கும். திருப்பத்தில் உள்சக்கரம் அதிகமாகத் திரும்பாமல் குறைவாகத் திரும்பி, டயர் தேய்ந்து இழுபடும். வெளியே தள்ளலாம் என்றாலோ பெரும்பாலும் பிரேக்கோ ரிம்மோ குறுக்கே நிற்கும். பின்னாலேயே விட்டுவிடுங்கள்.