காய் எடுக்கத் தெரிந்த கை

கேள்வி: சொந்த ஊர் கம்பம். கேரள மலையில் வண்டன்மேடு பக்கம் நாலு ஏக்கர் ஏலக்காய்த் தோட்டம் இருக்கிறது. மூன்று வருடமாகக் காய் எடுப்புக்குச் சரியாக ஆள் அமையவில்லை. கூலியை ஏற்றிப் பார்த்தும் பலன் இல்லை. என்ன செய்யலாம் அக்கா?

பதில்: தம்பி, முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள். விடிகாலையில் உங்கள் தோட்டத்துக்கு வரும் ஜீப்பில் யார் யார் ஏறுகிறார்கள், என்ன வயது, எத்தனை வருடமாகக் காய் எடுக்கிறார்கள், அவர்கள் வீட்டிலிருந்து அடுத்து யாராவது வருவார்களா என்று எழுதுங்கள். 26 வருடம் காய் எடுக்கக் கம்பம்மெட்டு மலைப்பாதை ஏறி இறங்கியவள் நான். வேலையை விட்ட வருடம் எங்கள் ஜீப்பில் இப்படி எழுதிப் பார்த்தேன். 11 பேர். அதில் 9 பேர் ஐம்பதைத் தாண்டியவர்கள். முப்பதுக்குக் கீழே ஒரே ஒரு பெண். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

எங்கள் மகள்கள் திருப்பூருக்கும் ஜவுளிக்கடைக்கும் நர்சிங்குக்கும் போய்விட்டார்கள். அங்கே மழையில் நனைய வேண்டாம், மாதம் பிறந்தால் சம்பளம். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது.

காய் எடுப்பது யாரும் வந்து செய்துவிடும் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். ஒரே சரத்தில் பூவும் இருக்கும், பிஞ்சும் இருக்கும், விளைந்த காயும் இருக்கும். பிஞ்சைப் பறித்தால் உள்ளே விதை வெள்ளையாக இருக்கும்; காய வைத்தால் சுருங்கி, எடையும் நிறமும் போய்விடும். விட்டு வைத்தால் பழுத்து வெடிக்கும். குனிந்தபடியே, சரம் முறியாமல், விதை கறுத்த காயை மட்டும் விரல் தேடி எடுக்க வேண்டும். அது பழக ஒரு சீசன் ஆகும். அந்த ஒரு சீசன் புதியவளுக்குக் கிலோ கணக்கில் கூலி போட்டால் அவள் கையில் என்ன நிற்கும்? 2019 ஆகஸ்டில் புற்றடி ஏல விற்பனையில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய் வரை போனது. அந்த மாதமும் நான் வேலை செய்த தோட்டத்தில் புதுப் பெண்ணுக்குப் பாதிக் கூலிதான். பத்தாம் நாள் நின்றுவிட்டாள். கற்றுக்கொள்கிற சீசனுக்கு முழு நாள்கூலி கொடுங்கள். பழகிய ஒருத்தி பக்கத்தில் புதியவளை நிறுத்துங்கள்; சொல்லிக் கொடுப்பவளுக்கும் கூடுதலாகக் கொடுங்கள்.

அப்புறம் ஒரு விஷயம். ஒரு சுற்று முடிந்து அடுத்த சுற்றுக்குச் செடி தயாராக 40, 45 நாள் ஆகும். உங்கள் நாலு ஏக்கரைச் சில நாளில் முடித்துவிட்டு, மீதி நாளுக்கு அவர்கள் எங்கே போவார்கள்? பக்கத்துத் தோட்டக்காரர்கள் ஐந்தாறு பேர் உட்கார்ந்து சுற்றுகளை ஒன்றன்பின் ஒன்றாக அமையுங்கள். ஆகஸ்டிலிருந்து பிப்ரவரி வரை அதே கூட்டத்துக்கு விடாமல் வேலை கிடைத்தால் அவர்கள் வேறு ஜீப் தேட மாட்டார்கள். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், தங்கியிருக்கும் ஜார்க்கண்ட், மத்தியப் பிரதேசப் பிள்ளைகளையும் இதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, வேலை இல்லாத நாளிலும் அவர்களை விசாரியுங்கள். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பதற்றத்தில் மலைப்பாதை அடைபட்டது. அப்போது எங்களில் பலருக்கு, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டு ஒரு போன்கூட வரவில்லை. பாதை திறந்த பிறகு விசாரித்தவர்கள் தோட்டத்துக்குத்தான் முதலில் போனோம்.

கேள்வி: மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். ஏலக்காய்த் தொழிலில் காய் எடுப்பைத் தவிர வேலை உண்டா? — போடியிலிருந்து ஒரு தாய்

பதில்: நிறைய உண்டு அம்மா. உங்கள் ஊரிலேயே காயைச் சலித்து 7 எம்எம், 8 எம்எம் என்று தரம் பிரிக்கும் வேலை நடக்கிறது. ஏல விற்பனையும் கம்ப்யூட்டரில்தான். மலையில் ஸ்டோர் என்கிற உலர்த்தும் கூடத்தில் காய் உலர்த்துவதும் நல்ல வேலை. 50 டிகிரியை ஒட்டிச் சூட்டைப் பிடித்து ராத்திரி முழுக்கக் கவனித்தால்தான் பச்சை நிறம் நிற்கும். அந்த வேலையில் பெண்ணை நான் பார்த்ததே இல்லை. உங்கள் மகளுக்கு விருப்பம் இருந்தால் எழுதச் சொல்லுங்கள். தெரிந்த ஸ்டோர்காரரிடம் நானே பேசுகிறேன்.